வாய்தா வாங்கியது யார்?



"வழக்கை நடத்தவில்லை, ஆகவே தள்ளுபடி." இந்த ஆஸ்திரேலிய நாட்டுத் தொல்குடிகளின் நில உரிமை மனுக்கள் பல கோர்ட்டில் இப்படித்தான் சாகின்றன. நான் கேட்கிறேன், இழுத்தடித்தது யார்?

1993ஆம் ஆண்டுப் பூர்விக உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு நிலத்தில் சுரங்க உரிமம் தரப்போவதாக அரசு அறிவித்தால், பேச்சுவார்த்தைக்கு உட்கார விரும்பும் மக்கள் மூன்றே மாதத்தில் மனுப் போட்டாக வேண்டும். அடித்துப் பிடித்துப் போடுகிறார்கள். சுரங்க விவகாரம் முடிந்ததும் அதே சட்டம் மிரட்டுகிறது: மனுவை நகர்த்து, இல்லாவிட்டால் தள்ளுபடி! எதை வைத்து நகர்த்துவது? மானிடவியல் அறிஞர் வேண்டும், வம்சாவளி வேண்டும், வக்கீல் வேண்டும். வெள்ளைக்காரன் கொடி நட்ட நாள் முதல் மரபு அறுபடவில்லை என்று காட்ட வேண்டும். மிஷன்களில் அடைத்தார்கள், பெற்ற பிள்ளைகளைப் பறித்தார்கள். அறுத்தவனே "அறுபடவில்லை என்று நிரூபி" என்கிறான்!

நாம் குடியிருக்கும் இந்த விக்டோரியாவில், மரே ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994இல் மனுப் போட்டார்கள். அவர்களுடைய முன்னோர் 1881இல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார்கள். எங்கள் வேட்டைக் காடெல்லாம் ஆட்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டது, பயிர் செய்து பிழைக்கக் கொஞ்சம் நிலம் கொடுங்கள் என்று. 1998இல் நீதிபதி ஓல்னி அந்தக் காகிதத்தையே எடுத்துவைத்து, 'பார், அப்போதே மரபு வாழ்வு போய்விட்டது' என்று முடிவுகட்டினார். நிலம் கேட்டதே நிலம் இழக்கச் சாட்சி! 2002இல் ஹைகோர்ட்டும் மேல்முறையீட்டைத் தள்ளியது.

இனி அரசாங்கத்தின் வேகத்தைப் பாருங்கள். டார்வின் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கென்பி நிலத்தைக் கேட்டு, வேறொரு சட்டத்தின்கீழ், 1979இல் கோரிக்கை வைக்கப்பட்டது. வடக்குப் பிரதேச அரசு கோர்ட் கோர்ட்டாக ஏறி மல்லுக்கட்டியது. கொடுக்கலாம் என்று ஆணையர் 2000இல் பரிந்துரைத்தார். பத்திரம் கைக்கு வந்தது 2016இல். 37 ஆண்டு! இழுத்தடித்ததற்காக அரசு ஓர் அடி நிலம் இழந்ததா?

வீடு வாங்கிய நம்மவர் சிலருக்கு ஒரு பயம், கொல்லைப்புறத்தைக் கேட்டுவிடுவார்களோ என்று. கேட்க மாட்டார்கள் ஐயா. முழு உடைமையாகக் கொடுத்துவிட்ட மனையில் பூர்விக உரிமை அற்றுப்போயிற்று என்று 1998இலேயே ஹைகோர்ட் சொல்லிவிட்டது. அவர்கள் கேட்பது மிச்சம் மீதியை.

இதற்கு ஒரு வழி உண்டு: மரபு தொடர்கிறது என்றே முதலில் கொள்ளலாம், இல்லை என்பதை அரசு நிரூபிக்கட்டும். இந்த யோசனை என்னுடையதல்ல. 2008இல், ஹைகோர்ட் தலைமை நீதிபதியாவதற்குச் சற்று முன்பு, ராபர்ட் பிரெஞ்ச் சொன்னது. இன்றுவரை சட்டமாகவில்லை. உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த பொங்கல் விழாவுக்கு வருவார். மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.