அளவுக்குச் செய்ததா, ஆலையில் செய்ததா?



துவிச்சக்கர வண்டி வாங்க விரும்புவோர்க்கு இரு வழிகள் உண்டு. கடையில் ஆயத்தமாக நிற்கும் வண்டியை வாங்கலாம்; அன்றேல், தம் உடலளவைக் கொடுத்துக் கைவினைஞரிடம் செய்விக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்பதினும், எது எவர்க்குத் தகும் என்பதே ஆராயத்தக்கது.

இவ்விரு வழிகளும் இங்கிலாந்தில் அருகருகே வளர்ந்தன. நொட்டிங்ஹாம் நகரில் றலி ஆலை எழுந்தது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் ஓடிய வண்டிகள் அங்கிருந்து வந்தவையே. 2002ஆம் ஆண்டில் அங்கு உற்பத்தி நின்றது. அயல் நகரான டேர்பியில், 1946இல் தோன்றிய மெர்சியன் பட்டறை, வாங்குபவரின் அளவுக்கேற்பச் சட்டங்களைக் கையாற் செய்து புகழ் பெற்றது. பேர்மிங்ஹாம் ரெய்னோல்ட்ஸ் நிறுவனம் 1935இல் வெளியிட்ட 531 என்னும் உருக்குக் குழாயை ஆலைகளும் வாங்கின, பட்டறைகளும் வாங்கின. ஆகவே, முதன்மையான வேறுபாடு உலோகத்தில் இல்லை, அளவில் உள்ளது.

28 அங்குலச் சில்லுகள் கொண்ட றலியின் பெரிய வண்டி, 22 அங்குலம், 24 அங்குலம் என்னும் இரு சட்ட அளவுகளிலேயே கிடைத்தது. மனிதரோ இரு அளவினர் அல்லர். ஆயினும், இருக்கையை உயர்த்தலாம், தாழ்த்தலாம், சிறிது முன்பின்னாக நகர்த்தலாம், கைப்பிடியையும் மாற்றலாம். மாற்றவியலாதது சட்டம் ஒன்றே. எனவே, மிக நெடியவர், மிகக் குறியவர், கால் நீண்டு உடல் குறுகியவர், பெருஞ்சுமையோடு நெடும்பயணம் செய்பவர் ஆகியோர்க்கே தனியாகச் செய்விக்கும் செலவு பயன் தரும். அவர்களும், எங்கும் கிடைக்கும் பொது அளவு உதிரிப்பாகங்களையே பொருத்தச் சொல்லவேண்டும். இல்லையேல், சிறு பழுதும் பெருந்தடையாகிவிடும்.

மற்றையோர்க்கு ஆலை வண்டியே போதும். ஆனால் கைவினைஞர் செய்வதுபோல அளவு பார்த்தே அதனை வாங்குதல் வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழ்நோக்கி நிற்கும் மிதியிற் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நிற்பின் இருக்கையின் உயரம் ஏறக்குறையச் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. "வளருகின்ற பிள்ளைதானே" என்று பெரிய வண்டியை வாங்கிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். சிக்கனம் கருதிச் செய்வதாயினும் அஃது ஆபத்தானது. நிலத்திற் கால் எட்டாத பிள்ளை, எதிரே பேருந்து வரும்போது வண்டியை நிறுத்தி ஊன்றமாட்டாது தடுமாறும். நாளை வளரப்போகும் உடலுக்கன்று, இன்று பாடசாலைக்குச் செல்லும் உடலுக்கே வண்டி வேண்டும். ஆண்டுதோறும் மாறும் அளவுக்குத் தனியாகச் செய்விப்பதும் வீண். பொருத்தமான சிறிய ஆலை வண்டியை வாங்கி, பிள்ளை வளர்ந்ததும் இளையவருக்குக் கொடுப்பதே அறிவுடைமை.

பெருமைக்காக வண்டி வாங்குபவர் பிறர் கண்ணுக்கு அளவு பார்க்கிறார். பயனுக்காக வாங்குபவர் தம் காலுக்கு அளவு பார்க்கிறார். அந்த அளவு சரியாயின், பட்டறை வண்டியும் நன்று. ஆலை வண்டியும் நன்று.