கருவேலும் வயல் வரப்பும்



வேலமரம் என்ற ஒரே சொல்லால் நம் பதிவேடுகளில் இரு வேறு மரங்கள் குறிக்கப்படுகின்றன. வடக்கே பபூல் என்றும் தமிழில் கருவேல் என்றும் வழங்குவது இம்மண்ணுக்கு உரியது. விலாயதி பபூல், அதாவது சீமைக் கருவேல், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் பேரினமே வேறு. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறச் சிறு உருண்டை. சீமைக் கருவேலுக்கோ நீண்ட பூங்கதிர். கருவேலங்காய் சாம்பல் பூத்து, விதைக்கு விதை இடுங்கி, மணிமாலை போலத் தோன்றும். தாவரவியலார் அக்கேசியா என்னும் பெயரை 2005ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கிவிட்டனர். நம்முடையது இப்போது வாச்செல்லியா நைலாட்டிகா. மரத்திற்கு இதனால் நட்டமேதுமில்லை.

ஆற்றோர வண்டலும் கரிசலும் ஏரி உட்பகுதியும் இதன் இருப்பிடங்கள். பருவ வெள்ளத்தில் நின்றாலும் பிழைக்கும். ஓரளவு உவரையும் தாங்கும். கடும் உறைபனியில் கன்று கருகும், நிழலில் தேறாது. விதையுறை கடினமானது. ஆடு காயைத் தின்று வெளியேற்றும் விதை எளிதில் முளைக்கிறது. அதே ஆடு கன்றையும் மேயுமாதலால், தொடக்க ஆண்டுகளில் காவல் இன்றியமையாதது.

இதன் பொருளாதாரத்தை அறிய விரும்புவோர் சத்தீஸ்கரின் நெல்வயல்களைக் காண வேண்டும். தானே முளைத்த கன்றுகளை உழவர் வரப்பில் விட்டுவைத்து, கீழ்க்கிளைகளைக் கழித்து வளர்க்கின்றனர். மரத்தடியில் நெல் விளைச்சல் குறைவதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் கட்டை, அடுப்புக்கு விறகு, வேலிக்கு முள், ஆட்டுக்குத் தழையும் காயும், தோல் பதனிடப் பட்டை ஆகியவை கிடைக்கின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. மேலும், மழை பொய்த்த ஆண்டில் வெட்டி விற்கத்தக்க சேமிப்பு அது. நெல் மகசூலை மட்டும் எழுதும் கணக்கில் இச்சேமிப்புக்கு இடமில்லை. நிழலின் நட்டத்தைப் பதிந்து மரத்தின் வரவை விட்டுவிடுவது கணக்காகாது என்பது என் கருத்து.

சீமைக் கருவேலை அகற்றும் பணிகள் பல மாநிலங்களில் நடைபெறுகின்றன. அது தேவையான பணியே. ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு முள் எல்லாம் ஒன்றுதான். எனவே ஒப்பந்தப்புள்ளி கோருமுன், பூவையோ காயையோ கண்டு நாட்டுக் கருவேலை இனம் பிரித்து, அடிமரத்தில் வண்ணப் பட்டை தீட்டிவிட வேண்டும்; பதிவேட்டிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி இருத்தல் வேண்டும்.