இருதயக் கொழுப்பும் இரத்தக் கொதிப்பும்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சுகாதாரச் சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. இன்று அந்தச் சம்பளத்தை உழைத்து வாங்கும் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

கொழுப்பு என்றதும் தொந்தி பெருத்த முதலாளிதான் நம் கண்முன் வருகிறார். ஆனால் கொழுப்பு இருதயத்தின் மேலும் உண்டு, எல்லாருக்கும் உண்டு. இருதயத் தசைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் நடுவே அது படிந்திருக்கிறது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் அதன் ஊடேதான் ஓடுகின்றன. அளவோடு இருந்தால் அது இருதயத்துக்கு ஒரு சேமிப்பு. மிஞ்சினால்தான் தொல்லை. தசைக்கும் இந்தக் கொழுப்புக்கும் இடையே தடுப்புச் சுவர் கிடையாது. பெருத்த கொழுப்பிலிருந்து கசியும் வேண்டாத பொருள்கள் நேரே தசையையும் குழாய்களையும் சேருகின்றன. அவற்றுக்குக் கேடு வர இதுவும் ஒரு காரணம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, தலைமுறை தலைமுறையாக ஊர் மக்களின் இருதயத்தைச் சோதித்து வந்திருக்கிறது. படம் பிடித்துப் பார்த்ததில், இருதயக் கொழுப்பு மிகுந்தவர்களிடம் இரத்தக் கொதிப்பும் மிகுந்து காணப்பட்டது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிய கொழுப்பையும் கணக்கில் சேர்த்தபோது, இருதயக் கொழுப்பின் தனிப்பங்கு குறைந்தது. ஆக, இரண்டும் கூட்டாளிகள். கொதிப்பு ஏறினால் இருதயம் கூடுதல் பாரம் இழுக்கிறது; அதன் தசை தடிக்கிறது; தடித்த இருதயத்தின் மேல் கொழுப்பும் கூடுதலாகவே காணப்படுகிறது. எது முந்தி, எது பிந்தி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது தீரும்வரை நாம் காத்திருப்பதற்கில்லை.

"விடியுமுன் எழுந்து நிரை நிரையாய் மரம் வெட்டுகிற எங்களுக்கு ஏது கொழுப்பு?" என்று கேட்பீர்கள். நடப்பது நல்லதுதான்; தேகப்பயிற்சியால் இந்தக் கொழுப்பு குறையவும் செய்கிறது. ஆனால் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே தள்ளிய தேகம் நம் இந்தியர்களிடம் அதிகம். நிறுவை பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு! ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள். இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்; அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழாத கிராணித் தோழர்கள் இரண்டு முறை அளக்கலாம்.

உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் பாக்கெட் மீயும் ஒரே தட்டில் சேர்ந்தால் அடங்குமா? சம்சுவும் கொதிப்பை ஏற்றும்.

கொதிப்பு பெரும்பாலும் வலி காட்டுவதில்லை. 2019இல் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், பெரியவர்களில் பத்தில் மூவருக்குக் கொதிப்பு இருந்தது. அவர்களில் பாதிப்பேர் அதை அறியாமலே இருந்தார்கள். இருதயக் கொழுப்பை அளக்கப் பெரிய ஆஸ்பத்திரிக் கருவி வேண்டும். கொதிப்பை அளக்கவோ கையில் சுற்றும் பட்டை போதும். மேல் எண் 140, கீழ் எண் 90. இவற்றில் ஒன்றை எட்டினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தால், உடம்பு தேவலை என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

நாற்பது வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனையைச் சொக்சோ 2013இல் தொடங்கியது. எளிய குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டம் 2019இல் வந்தது. வந்து என்ன? கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் நம் ஆள் நிரையில் நிற்கிறான். போனால் அன்றைய கூலி போயிற்று. பரிசோதனைக்குப் போகும் நாளுக்கும் செக்ரோலில் பெயர் விழ வேண்டும் என்பதே நம் கோரிக்கை. நாற்பது தாண்டியும் பரிசோதனை செய்யாதவர்களின் பட்டியலைக் கிராணித் தோழர்கள் எழுதிக் கொடுங்கள். நிர்வாகத்தோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் அதை மேசைமேல் வைப்போம்.