பூட்டிய யந்திரமும் திறந்த யந்திரமும்

(கோவை ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கிணற்று மோட்டாரில் காயில் எரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். கழற்றிப் பார்த்து, புதுக் காயில் கட்டிக் கொடுக்கிறார்கள், தண்ணீர் பாய்கிறது. கோவை வளர்ந்ததே இப்படித்தான். 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. சீமை யந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் தோன்றின. 1937-ல் ஜி.டி. நாயுடு முதலானோர் இங்கேயே மின்மோட்டார் செய்தனர். யந்திரத்தைத் திறக்க முடிந்தது. ஆகவே தொழிலைக் கற்க முடிந்தது.

இன்று புதிய ரிங் பிரேமை நடத்துவது கணினிக்கு எழுதிய கட்டளைகள். அதுதான் மென்பொருள். அக்கட்டளைகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்றால் அது திறந்த மென்பொருள். விற்றவன் மட்டுமே பார்க்கலாம் என்றால் பூட்டிய மென்பொருள். பூட்டியது கோளாறானால், 20 வருஷம் வேலை பார்த்த பிட்டரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கம்பெனி ஆள் வரும்வரை கதிர் சுற்றாது. உற்பத்தி ஏன் குறைந்தது என்ற கேள்வி மட்டும் நம்மிடம் வரும்!

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை செய்தார். அங்கே அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால், காத்திருப்போருக்கு உடனே தகவல் போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறி வந்தது. அதன் கட்டளைகளைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1983-ல், எல்லோருக்கும் உரிய மென்பொருளை எழுதும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். பல தேசத்தார் கூடி வளர்த்த அந்த லினக்ஸ், வாளையாறு தாண்டினால் கேரளப் பள்ளிக் கணினிகளில் ஓடுகிறது.

திறந்த மென்பொருள் வந்தால் கூலி தானே உயருமா? உயராது. பெரிய கம்பெனிகளும் அதைக் கொண்டு லாபம் குவிக்கின்றன. பயிற்சி இல்லாத பிட்டருக்குத் திறந்து வைத்தும் பயனில்லை. இழை எத்தனை முறை அறுந்தது, பிரேம் எத்தனை நிமிஷம் நின்றது என்று கணக்கு வைப்பதும் மென்பொருளே. அந்தக் கணக்கு சரியா என்று நாம் பார்க்க முடியாவிட்டால், வேலைப்பளு பற்றி எப்படிப் பேசுவது?

ஆகவே நாம் கேட்பது மூன்று. யந்திரம் வாங்கும்போதே அதன் கட்டளைகளையும் கேட்டு வாங்க வேண்டும். பிட்டர்களுக்கு ஆலைச் செலவில் பயிற்சி வேண்டும். வேலையை அளக்கும் கணக்குமுறையைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் 2015-ல் தன் அலுவலகங்களில் திறந்த மென்பொருளுக்கே முதலிடம் என்று கொள்கை வெளியிட்டது. சர்க்காருக்கு ஏற்றது ஆலைக்கு ஏன் ஆகாது? அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கேட்போம், தோழர்களே!