நச்சுப் பொருள்களுக்கு வரம்பு வகுத்தல்
(கொச்சி, மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கடலும் காயலும் சூழ்ந்த மட்டாஞ்சேரிப் பகுதியில் கிணற்று நீர் உவர்ப்பது இயல்பு. உவர்ப்பை நாக்கு உணர்ந்துவிடும். நீரில் கரைந்துள்ள ஆர்சனிக்கை அது உணராது. புலன்களுக்கு எட்டாத இத்தகைய நச்சுப் பொருள்களுக்கு எண்ணால் வரம்பு கட்டுவது இன்றியமையாததாகிறது.

குடிநீருக்கு வரம்பு வகுக்கும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. விலங்குகளிடம் நடத்தும் ஆய்வில் தீங்கு தோன்றாத மிக உயர்ந்த அளவு முதலில் கண்டறியப்படுகிறது. விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டை முன்னிட்டு அவ்வளவு பத்தால் வகுக்கப்படுகிறது. குழந்தைகள், நோயாளிகள் ஆகியோரை முன்னிட்டு மீண்டும் பத்தால் வகுப்பது வழக்கம். பின்னர், 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 2 லிட்டர் நீர் அருந்துவதாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆனால் அங்காடியில் வெயிலில் சுமை தூக்கும் தொழிலாளி 2 லிட்டருடன் நிறுத்துவதில்லை. அவர் 4 லிட்டர் அருந்தினால், உடலில் சேரும் நஞ்சும் இரு மடங்காகும். புற்றுநோய் விளைவிக்கும் பல பொருள்களுக்கோ, முற்றிலும் தீங்கற்ற அளவு என்று ஒன்றைக் காட்ட இயலாது.

உடல்நலத்தோடு செலவும் வரம்பில் இடம்பெறுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். வேறு நீர் இல்லாமை உடலியல் காரணம் அன்று, பொருளாதாரக் காரணம். காற்றிலுள்ள நுண்துகளுக்கு (பி.எம். 2.5) 2009-இல் இந்தியா வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. நுரையீரல் நாட்டுக்கு நாடு வேறுபடுவதில்லை.

வரம்பு தளர்வதால் செலவு மறைந்துவிடுவதில்லை. ஆலையின் கணக்கிலிருந்து குடும்பத்தின் மருத்துவக் கணக்குக்கு அது மாறுகிறது. பெரியாற்றங்கரையில் ஏலூர் – எடையார் தொழிற்பகுதியைக் கொண்ட கொச்சி வட்டாரத்துக்கு இது புதிய செய்தி அன்று. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, கடுமையாக மாசுற்றவற்றின் பட்டியலில் பெருங்கொச்சியும் இடம்பெற்றது. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து, பல நாள் நகரைப் புகை சூழ்ந்தது. அத்தகைய நாள்களின் கேட்டை ஆண்டுச் சராசரி வெளிக்காட்டாது.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்களை அறிவிப்பது பொருத்தமாகும்: உடல்நலம் கோரும் அளவு ஒன்று, இன்றைய வசதிக்கேற்ற இடைக்கால அளவு மற்றொன்று. முதலாவதை எட்டும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். குடியிருப்புகளிலும் கிணறுகளிலும் அளந்த முடிவுகள் மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். செலவின் பொருட்டு எவ்வளவு இடர் தங்கள்மீது சுமத்தப்படுகிறது என்பதை அறிவது மக்களின் உரிமையாகும்.