நனைந்த கையும் மின்சாரமும்



ஈ.சி.ஜி. எடுக்கும்போது, தோலில் ஒட்டும் மின்வாய்களுக்கு அடியில் ஜெல் இருக்கும். ஏன் தெரியுமா? நம் தோலின் மேற்படை இறந்த கலங்களால் ஆனது. மிக மெல்லியது, ஆனாலும் காய்ந்திருந்தால் அதன் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரை போகும். இதயத்தின் மின்சைகையோ ஒரு மில்லிவோல்ற் அளவுதான். உப்புள்ள ஜெல் அந்தத் தடையைக் குறைத்து, சைகைக்கு வழிவிடுகிறது. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் நோயாளிகளின் கைகாலை உப்புநீரில் வைத்தே இந்தச் சைகையை அளந்தார். 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பொறியியலாளர்கள் தோலைத் தடையும் கொள்ளளவியும் சமாந்தரமாக இணைந்த சுற்றாகக் கொண்டு, கணினியில் பாவனை செய்து பார்க்கிறார்கள்.

மழை ஓயாத கலவானத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தத் தோல்தடைக் கணக்கு மிக முக்கியம். தோல் நனைந்தால் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 வோல்ற் கம்பியைத் தொட்டால், உடம்பில் 230 மில்லி அம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அதைவிடக் குறைவே போதும்.

கொழுந்தெடுத்து நனைந்து வரும் அம்மாமாரே, அக்காமாரே, கையைத் துடைத்து, செருப்புப் போட்டபிறகே சுவிட்சைத் தொடுங்கள். லயத்து வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், அதன் டெஸ்ட் பொத்தானை மாதமொருமுறை அழுத்திச் சோதியுங்கள். இல்லையென்றால், பொருத்தித் தரும்படி இன்றே கேளுங்கள்.