கொமாவும் குளிசையும்



வாட்டில் நாங்கள் நோயாளர் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். ‘ஆஃப்டர் த சைல்ட் வொமிட்டட் த டப்லெட் வோஸ் கிவின்.’ பிள்ளை வாந்தி எடுத்தபின் குளிசை கொடுக்கப்பட்டது என்பதே பொருள். இரவுக் கடமையில் களைத்த கண்ணோ ‘வொமிட்டட் த டப்லெட்’ என்று சேர்த்து வாசித்துவிடும். குளிசை வெளியே வந்துவிட்டதாக எண்ணி இன்னொன்று கொடுத்தால்? ‘வொமிட்டட்’ என்றதும் ஒரு கொமா போட்டால் இந்த மயக்கமே இல்லை.

தமிழில் ‘எடுத்தபின்’ என்று முடியும் சொல்லே எல்லையைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர்’ முன்னுக்கே வந்துவிடுவதால், அந்த வேலை கொமாவின் தலையில் விழுகிறது. ‘வென்’, ‘இஃப்’ என்று தொடங்கும் வசனங்களும் அப்படித்தான். ‘டுடே’ போன்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு போடாவிட்டால் பெரும்பாலும் பாதகமில்லை, தங்கைமாரே.